முள்ளியேந்தலில் கை தூக்கியவர்கள்

மத்திய சிறை, பாளையங்கோட்டை
5.2.2023

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி விஜயபாண்டி எழுதுவது. நான் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். நீயும் வீரபத்திரன் மச்சானும் பிள்ளைகளும் சுகந்தானா? அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

போனில் பேச விடுகிறார்கள். ஆனால் அம்மா குரலைக் கேட்டால் கொடுக்கிற நேரம் அழுகையிலேயே போய்விடுகிறது. எழுதினால் நின்று நிதானமாகப் பேசலாம் என்றுதான் எழுதுகிறேன். இப்போது என்னை நெசவுக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். கைக்கு வேலை இருப்பதால் பகல் கழிந்துவிடுகிறது.

போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. செல்லக்கிளி மதினியைப் பார்த்தாயா? மக்காச்சோளத்துக்குள் அசைந்தது பன்றிதான் என்று நினைத்துச் சுட்டேன். கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாட்டைத் தேடி வந்த பால்ச்சாமி அண்ணன் மேல் பட்டது. இதைக் கோர்ட்டில் சொன்னேன், போலீசில் சொன்னேன். மதினியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கோர்ட்டில் அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்காக நீ ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போ. தம்பி மன்னிப்புக் கேட்டான் என்று சொல். திட்டினால் வாங்கிக்கொள். என்ன சொன்னார்கள் என்று மறைக்காமல் எழுது.

அம்மா கையால் ஒரு வாய் சோறு சாப்பிட ஆசையாக இருக்கிறது. இதை அவர்களிடம் சொல்லாதே.

உன் தம்பி,
விஜயபாண்டி


முள்ளியேந்தல், நரிக்குடி வழி
27.2.2023

அன்புத் தம்பி விஜயபாண்டிக்கு அக்கா அமுதவள்ளி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குத்தான் தினமும் கும்பிடுகிறோம். அம்மாவுக்கு வலி முன்னைப் போலத்தான். வாசலில் உட்கார்ந்து நரிக்குடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்குகிற ஆள்களில் நீ இருக்கிறாயா என்று தேடுகிறார்கள்.

இந்த வருஷமும் பன்றித் தொல்லை சொல்லி மாளவில்லை. கண்மாய்க்குள் கருவேலங்காடு அடைந்து கிடக்கிறதல்லவா, பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்துவிட்டு இருட்டியதும் கடலையைத் தோண்டித் தின்கின்றன. கருத்தப்பாண்டி ஒரே ராத்திரியில் முழுக் கொல்லையையும் பறிகொடுத்துவிட்டு, பஞ்சாயத்துப் பிரசிடெண்டு என்று என்னிடம் வந்து அழுதான். நான் என்ன செய்ய முடியும்?

மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும், புது லைசென்ஸ் கொடுப்பதையும் இறுக்கப் போகிறார்கள். அதைப் பற்றி மே தினக் கிராமசபையில் ஊர் தன் கருத்தைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பவேண்டும். இது தெரிந்ததும் உழவர் தற்காப்புப் பேரவை என்று ஒரு கூட்டத்தார் ஊருக்கு வந்துவிட்டார்கள். தலைவர் நவநீதகிருஷ்ணன், மதுரைப் பக்கம் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். மரியாதையான மனிதர். வந்ததும் முதலில் உன்னைத்தான் விசாரித்தார். "உங்க தம்பி குத்தவாளி இல்ல மேடம். சட்டம் பண்ணுன கோளாறு"ன்னு சொன்னார். இத்தனை நாளில் உனக்காக இப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீ படித்தவன். நீயே சொல், தம்பி. உன் கையில் லைசென்ஸ் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? யோசித்து எழுது.

செல்லக்கிளி வீட்டுப் பக்கம் போக இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

உன் அக்கா,
அமுதவள்ளி


பாளையங்கோட்டை
12.3.2023

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவை வாசலில் உட்காரவிடாதே. வெயில் ஏறிவிட்டது, மயக்கம் வந்துவிடும்.

நீ கேட்டதை நாலைந்து நாள் யோசித்தேன். என் கையில் லைசென்ஸ் இருந்திருந்தால் நான் இன்றைக்கு ஜெயிலில் இருந்திருக்க மாட்டேன். பால்ச்சாமி அண்ணன் மட்டும் அப்போதும் செத்துத்தான் போயிருப்பார்.

அதுதான் அக்கா விஷயம். அப்பா விட்டுப்போன துப்பாக்கி அது. குழலுக்குள் மருந்தையும் பால்ரஸ் இரும்புக் குண்டையும் போட்டு இடிக்கும்போது எனக்கு என்னவோ பெரிய ஆம்பளை போல ஒரு நினைப்பு. கையில் அது இல்லாமல் இருந்திருந்தால் தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டிருப்பேன். மாட்டைத் தேடி வந்த மனிதர், "ஏலே, நான்தாம்ல"ன்னு சொல்லியிருப்பார். அவருக்கு அதைச் சொல்லக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை. தாளில் முத்திரை இருந்தால் குண்டு ஆளைப் பார்த்தா போகும்?

தீர்மானம் உன் பொறுப்பு. என்னைக் கேட்டதால் சொன்னேன். மதினி வீட்டுக்குப் போய்வா.

விஜயபாண்டி


முள்ளியேந்தல்
14.4.2023

அன்புத் தம்பிக்கு, சித்திரை பிறந்திருக்கிறது. இந்த வருஷமாவது நமக்கு நல்லது நடக்கவேண்டும். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மா உன் பெயரைச் சொல்லி ஒரு இலை போட்டார்கள்.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. பஞ்சாயத்து வேலையில் மூச்சு விட நேரமில்லை. ஒரு நல்ல செய்தி. மதுரை ஹைகோர்ட் பெஞ்சில் பெயர் பெற்ற வக்கீல் ஒருவர் உன் அப்பீலை எடுத்து நடத்தச் சம்மதித்திருக்கிறார். நீ ஜாமீனில் வந்துவிடலாம் என்று சொல்கிறார்கள். அவருடைய ஜூனியர் உன்னைப் பார்க்க வருவார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடு. எப்படி, யார் மூலம் என்றெல்லாம் கேட்டுக் குழம்பாதே. அம்மாவை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


பாளையங்கோட்டை
25.4.2023

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். அங்கும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஜூனியர் வக்கீல் வந்தார். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குவது போல நினைத்து நினைத்துப் பார்த்தேன். கெட்ட சந்தோசம்தான், ஆனாலும் சந்தோசம்.

போகும்போது அவர் சிரித்துக்கொண்டே, "உங்க போட்டோ பேனர்ல நல்லா வந்திருக்கு. வாசகமும் பிரமாதம்"னார். என்ன பேனர் என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அக்கா, என்ன பேனர்? லைசென்ஸ் பற்றி நான் எழுதியதற்கும் நீ ஒன்றும் பதில் சொல்லவில்லை. மதினியைப் பார்த்தாயா இல்லையா, அதையாவது சொல்.

விஜயபாண்டி


முள்ளியேந்தல்
6.5.2023

அன்புத் தம்பிக்கு, எல்லோரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

கிராமசபை நல்லபடியாக முடிந்தது. விவசாயிகளுக்குச் சுலபமாகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும், இருப்பதைப் பிடுங்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலும் அப்படித்தானாம். கூட்டம் நல்ல கூட்டம். செல்லக்கிளியும் வந்திருந்தாள். உன் அப்பீலைக் கோர்ட்டில் எடுத்து நம்பர் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் விசாரணைக்கு வருமாம்.

பேனர் எல்லாம் ஒன்றுமில்லை, கூட்டத்துக்கு வைத்தது. கழற்றிவிட்டார்கள்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


முள்ளியேந்தல்
17.5.2023

விஜயபாண்டிக்குச் செல்லக்கிளி எழுதுவது.

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. அதைக் கேட்காமல் கடிதம் எழுதியும் எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் நலமாகவே இரு.

இந்த இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது. மே ஒண்ணாம் தேதி, ஊர்க் கூட்டத்தில், மைக்கில்.

கூட்டத்துக்கு முந்தின நாளே பேரவைக்காரர்கள் வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் கறிச்சோறு என்று அடுப்பு மூட்டியிருந்தார்கள். உன் படம் போட்ட பேனர் ஊருணிக் கரையில் என் வீட்டுக்கு எதிரே நின்றது. "லைசென்ஸ் இருந்திருந்தால் நான் ஜெயிலில் இருந்திருக்க மாட்டேன்" என்று உன் படத்துக்குக் கீழே பெரிசாகப் போட்டிருந்தார்கள்.

எங்கள் மகளிர் குழு வேறு தீர்மானம் எழுதிக் கொண்டுபோயிருந்தது. நாட்டுத்துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், பன்றி அழித்த பயிருக்கு அரசாங்கம் ஈடு தர வேண்டும், கண்மாய்க் கருவேலத்தை வெட்ட வேண்டும் என்று. நான் எழுந்து நின்று, "எம் புருசன் செத்தது துப்பாக்கி இல்லாமயா, இருந்ததாலயா? அத மட்டும் சொல்லுங்க. இந்தக் கடைக்காரவுகளுக்கு விக்கணும். அதுக்கு நாம இன்னும் யாரப் பொதைக்கணும்?"னு கேட்டேன். சில பேர் தலையைக் குனிந்தார்கள்.

அப்போது உன் அக்கா எழுந்து, "தம்பி ஜெயில்ல இருந்து எழுதுனது"ன்னு சொல்லி அந்த வரியை வாசித்தார்கள். கூட்டம் கை தட்டியது. கையைத் தூக்கச் சொன்னதும் ஊரே தூக்கியது. அவர் பாடையைச் சுமந்த ஆள்களும் தூக்கினார்கள். எங்கள் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

நீ உள்ளே இருப்பதுதான் உனக்குக் குறை, அவர் மண்ணுக்குள் இருப்பது குறையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒரு மனிதன் மனசில் இருப்பது தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் காத்திருக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். பதில் வேண்டாம்.

செல்லக்கிளி


பாளையங்கோட்டை
26.5.2023

மதினி செல்லக்கிளி அவர்களுக்கு விஜயபாண்டி வணங்கி எழுதுவது.

பதில் வேண்டாம் என்று சொன்னீர்கள். இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரிதான்.

நான் அந்த வரியை எழுதியது உண்மை. அடுத்த வரியில், அப்போதும் அண்ணன் செத்துத்தான் போயிருப்பார் என்று எழுதினேன். துப்பாக்கி கையில் இருந்ததால்தான் அவர் செத்தார் என்று எழுதினேன். என்னை நம்புங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஊர் நடுவில் உங்களைப் பேசவிடாமல் உட்கார வைத்தது என் எழுத்துத்தான். ஒரு தடவை துப்பாக்கியால் செய்தேன், இப்போது பேனாவால் செய்துவிட்டேன்.

அண்ணனைச் சுட்டது நான். மன்னித்துவிடுங்கள் என்பதை இரண்டு வருஷமாக அடுத்தவர் வாயால் சொல்லப் பார்த்தேன். அதுவும் கோழைத்தனம். இப்போது நானே சொல்கிறேன்.

விஜயபாண்டி


பாளையங்கோட்டை
26.5.2023

அக்காவுக்கு,

அம்மா சுகமா?

செல்லக்கிளி மதினி கடிதம் எழுதியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டேன். நீ ஏன் செய்தாய் என்றும் தெரியும். எனக்காகத்தான் செய்தாய். அதனால்தான் உன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை, வெட்கமாக மட்டும் இருக்கிறது. இங்கே திருடினவன், வெட்டினவன் எல்லோரோடும் ஒரே வரிசையில் தட்டை நீட்டுகிறேன். அப்போதுகூட இவ்வளவு கூசியதில்லை.

அந்த வக்கீல் வேண்டாம், வக்காலத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சிறை அதிகாரி மூலமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது.

விஜயபாண்டி


முள்ளியேந்தல்
20.8.2023

அன்புத் தம்பி விஜயபாண்டிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அம்மா இருக்கிறார்கள். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

மூன்று மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தேன். எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் எழுந்துவிடுவேன்.

அப்பீலை நீ விட்டதைச் சொன்னதும் அம்மா என்னைப் பார்த்து, "அவென் பாட்டுக்கு வந்திருப்பான். நடுவுல புகுந்து நீ என்னத்தடி பண்ணுன?"ன்னு கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து நான் வைக்கிற சோற்றைத் தின்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை, "பொய் சொன்னதுதான் சொன்ன, எம் புள்ள வெளிய வார வரைக்குமாவது அது அவனுக்குத் தெரியாமப் பாத்திருக்கக் கூடாதா"ன்னு கேட்டார்கள். நான் செய்ததைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது. ஏனென்றால் எனக்குள்ளும் அந்த நினைப்பு இருந்தது.

நவநீதகிருஷ்ணன் உன் கருத்தைக் கேட்டு வாங்கச் சொல்லித்தான் நான் அன்றைக்கு உன்னைக் கேட்டேன். உன் கடிதம் வந்ததும் அவரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். அவர் ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை, தம்பி. "அந்த லைசென்ஸ் வரி போதும் மேடம்"னு மட்டும் சொன்னார். அடுத்த பேச்சில், வக்கீலிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லவேண்டி வந்திருக்குமே.

ஆடியில் இன்னொன்று நடந்தது. தீர்மானம் போட்டதையே சட்டம் என்று நினைத்துக்கொண்டு, மறைத்து வைத்திருந்த நாட்டுத்துப்பாக்கிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். கேட்டால், "ஊரே கை தூக்கிருச்சுல்ல, பிரசிடெண்டம்மா"ன்னு என்னிடமே சொன்னார்கள். கண்மாய்க்குள் விறகு வெட்டப் போன அருஞ்சுனையைப் பட்டப்பகலில் கருத்தப்பாண்டி சுட்டுவிட்டான். அவனும் பன்றி என்றுதான் நினைத்தானாம். அவளைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு ஓடினோம். என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். உயிர் தப்பியது, வலது கால் போய்விட்டது.

நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாக, "அது லைசென்ஸ் துப்பாக்கி இல்லியே மேடம். முறையாப் பயிற்சி கொடுத்து லைசென்ஸ் தந்திருந்தா இது நடந்திருக்குமா? அந்தம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க"ன்னார். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். நம் வீட்டுப் பிள்ளை ஜெயிலில் கிடப்பதும் அவருக்குப் பேனர் வாசகம்தான், அடுத்த வீட்டுக் காலும் வாசகம்தான்.

சுதந்திர தினக் கிராமசபையில் மே மாதத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று நானே கொண்டுவந்தேன். உன் கடிதத்தை முழுவதும் வாசித்தேன். போன தடவை பாதியை மறைத்தேன் என்றும் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர், "ஜெயில்ல கெடந்து மனசு ஒடஞ்சு போனவன் எழுதுனதயெல்லாம் வாசிக்காதீக தாயி. எங்க கடலையத் தின்ன பன்னிக்கு இதப் படிச்சுக் காட்டுங்க"ன்னு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பிலும் ஞாயம் இருக்கிறது. பன்றிக்கு நான் ஒரு வழியும் செய்யவில்லையே.

கையைத் தூக்கச் சொன்னேன். மகளிர் குழுவில் சில பேர் தூக்கினார்கள், அருஞ்சுனையின் புருசன் தூக்கினான், நான் தூக்கினேன். உன் மச்சான் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் கை மடியை விட்டு எழவே இல்லை. தீர்மானம் தோற்றது. ஊரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு ஏது? கை தட்டச் சொல்லிக் கொடுத்தது நான்தானே.

கூட்டம் கலைந்ததும் செல்லக்கிளி வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷமாக நீ போகச் சொன்ன வீடு. தொழுவத்தில் நின்றாள். என்னைப் பார்த்து, "மதினி, மைக்குல சொன்னது ஊருக்கு. எனக்கு என்ன சொல்ல வந்திருக்கீக?"ன்னாள். தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோய் விட்டது. அவள் சாணியை அள்ள ஆரம்பித்துவிட்டாள். போ என்று சொல்லவில்லை. உட்காரு என்றும் சொல்லவில்லை.

நீ எனக்கு எழுதாவிட்டாலும் அம்மாவுக்கு எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன்.

உன் அக்கா,
அமுதவள்ளி


முள்ளியேந்தல்
11.9.2023

விஜயபாண்டிக்குச் செல்லக்கிளி எழுதுவது.

நலமாக இரு. இங்கே ஒரு மழை பெய்திருக்கிறது. உழவு நடக்கிறது.

நீ மே மாதம் எழுதியதைக் கிழிக்கவில்லை. நம்பவும் இல்லை. உன் அக்கா கூட்டத்தில் முழுவதும் வாசித்தபோது அதே வார்த்தைகள் வந்தன. அதன்பிறகு உன் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தேன். உன்னைப் பற்றி நான் நினைத்ததில் ஒன்று தப்பு என்று தெரிந்தது. அதை உனக்குச் சொல்ல வேண்டுமல்லவா, அதற்காகத்தான் இது.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். இருந்தால் கொடுத்துவிடலாம். எனக்குள் தேடிப் பார்த்தேன், இன்றைக்கு இல்லை. இருப்பதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா ஜக்கம்மாள் அத்தை போன வாரம் கம்பை ஊன்றிக்கொண்டு இங்கே வந்தார்கள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அருஞ்சுனைக்குக் கஞ்சி கொண்டுபோக வந்தேன், வழியில் கால் வலித்தது என்றார்கள். அருஞ்சுனை வீடு இந்தப் பக்கமே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அழுதார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், அப்பீலை விடாதே. கடைக்காரன் வக்கீல் வேண்டாம். அரசாங்கமே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்குமாம், மனுப் போடு. நான் எதிர்த்து நிற்க மாட்டேன். ஆதரித்தும் வரமாட்டேன்.

என்றைக்கானாலும் நீ விடுதலையாகி வருவாய். பஸ்ஸை விட்டு இறங்கினால் உன் வீட்டுக்குப் போக என் வாசல் வழிதான். சுற்றுப்பாதை கிடையாது. அதை நினைத்து ஊருக்கு வராமல் எங்கேயாவது போய்விடாதே. வா. நான் வெளியே வந்து பார்க்க மாட்டேன். ஆனால் நீ கடந்துபோகும்போது கதவை அடைக்கவும் மாட்டேன்.

செல்லக்கிளி